வெறுங்கல்லில் வந்த துத்தநாகம்

ஸ்கேனர் அக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது துணி ஆலையின் வாசலில். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற பெண்களின் பைகளைச் சோதித்து அனுப்புவது அங்கே அவளுடைய வேலை. மற்றவர்களைப் போலப் பையைத் திறந்து கவிழ்க்கச் சொல்ல மாட்டாள். வெளியிலிருந்தே ஒரு தட்டு, ஒரு அமுக்கு. "டிபன் டப்பாவுக்கு அடியில லைனிங் துணியை மடிச்சு வச்சிருக்கே. எடுத்து மேசை மேல வச்சிட்டுப் போ" என்பாள். பார்த்தால் இருக்கும். ஆலையில் அவளைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர். தன்னை ஏமாற்றியவர்கள் ஒருவர்கூட இல்லை என்று அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

வீட்டில் ஏமாந்தாள். கணவன் லாரி ஓட்டுநர்; கிளம்பினால் திரும்பி வர வாரக்கணக்காகும். ஒருமுறை அவனுடைய சட்டையைத் துவைக்க எடுத்தபோது ஒரு பொத்தான் மட்டும் பழுப்பு நூலில் தைக்கப்பட்டிருந்தது. அவளுடைய தையல் டப்பாவில் பழுப்பு நூலே கிடையாது. "வழியில ஒரு தையல் கடையில போட்டுக் குடுத்தாங்க" என்றான் அவன், கேள்வி முடிவதற்குள். பதில் அவ்வளவு தயாராக இருந்ததுதான் அவளை உறுத்தியது. அடுத்த தடவை அவன் சரக்கு இறக்கப் போவதாகச் சொன்ன ஊருக்குப் பஸ் ஏறினாள். லாரி ஒரு சந்தில் நின்றிருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருந்தது. அவனுடைய மூக்கு அப்படியே அதன் முகத்தில் இருந்தது. அக்கா கதவைத் தட்டவில்லை. திரும்பி வந்து துணிமணிகளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு, அப்பா அம்மா விட்டுப்போன வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அந்த வீட்டில் அவளுடைய தம்பி மட்டும் இருந்தான், பள்ளிப் படிப்பை முடிக்காத வயதில். அவனை ஆளாக்கினாள். பூட்டு ரிப்பேர் செய்கிற ஒருவரிடம் சேர்த்துவிட்டாள். பின்னால் பஸ் நிலையத்தின் ஓரம் சாவி வெட்டும் பெட்டிக்கடை ஒன்று போட்டுக்கொடுத்தாள், பெண் பார்த்துக் கல்யாணமும் செய்துவைத்தாள். அக்கா, தம்பி, தம்பி மனைவி மூவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே அடுப்புதான். தம்பி மனைவி வாய் திறந்து எதுவும் குறை சொன்னதில்லை. அதுவே அக்காவுக்குச் சந்தேகமாக இருந்தது.

ஆலை மூடப்பட்டு எல்லோரும் வேலைக்கு அலைந்துகொண்டிருந்த சமயத்தில்தான் ஊருக்கு வடக்கே இருந்த மலையில் செம்பும் துத்தநாகமும் தேடி ஒரு கம்பெனி வந்தது. ஓடை மணலை அள்ளிச் சோதித்ததில் இரண்டு உலோகங்களின் சாயலும் தெரிந்ததாம். மணல் மேலிருந்துதானே வந்திருக்க வேண்டும் என்று மலை முதுகில் ரிக் இயந்திரத்தை நிறுத்தித் துளை போட ஆரம்பித்தார்கள். பூமிக்குள்ளிருந்து நீளநீளமாக உருவி எடுக்கிற உருளைக் கல்லுக்கு அங்கே 'கோர்' என்று பெயர். அந்தக் கல்லையெல்லாம் அடுக்கிவைக்க ஊர் எல்லையில் பழைய தானியக் கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். கோர் ஷெட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று கேள்விப்பட்டு அக்கா போய் நின்றாள்.

புவியியலாளர் இளவயதுக்காரர். கையில் சுத்தியல், கழுத்தில் கயிற்றில் தொங்கும் சின்ன பூதக்கண்ணாடி. யாராவது குறுக்கே வந்தாலும் தரையைப் பார்த்துக்கொண்டேதான் நடப்பார். ஊரே அவரைக் கல்லு சார் என்றது.

"கல்லைப் பத்தி ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார்.

"கல்லைப் பத்தித் தெரியாது சார். களவாணியைப் பத்தித் தெரியும்."

கல்லு சார் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்கே சேர்த்துக்கொண்டார். கொஞ்ச நாளில், கோரை நீளவாக்கில் இரண்டாக அறுக்க நிதானமான கை வேண்டும் என்று அவர் தேடியபோது அக்கா தம்பியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். பகலில் ரம்பம், சாயங்காலம் சாவிக்கடை என்று அவனுக்கும் ஒத்துவந்தது.

ஷெட்டுக்குள் எப்போதும் நனைந்த கல்லின் வாசனை. தகரக் கூரைக்குக் கீழே ரம்பம் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் சொல்வது காதில் விழாது. தம்பி அறுத்த கல்லில் ஒரு பாதி பெட்டியிலேயே இருக்கும், மறுபாதி துணிப்பைக்குள் போகும். பைக்கு எண் கட்டி, வாயை இறுக்கிச் சீல் வைத்து, லேபுக்குப் போகிற வண்டியில் ஏற்றுவது அக்காவின் பொறுப்பு. இடையில் ஒரு வேலை உண்டு. அந்த ஷெட்டிலேயே அவளுக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான்.

முதல் வாரம் கல்லு சார் கையில் ஒரு வெள்ளைக் கல்லைக் கொடுத்துச் சொன்னார்: "இது வெறுங்கல். செம்பும் கிடையாது, துத்தநாகமும் கிடையாது. இதையும் ஒரு பையில போட்டு, மத்த பைங்களோட சேத்து எண் குடுத்து அனுப்பிடுங்க. லேபுக்காரங்களுக்குத் தெரியக் கூடாது."

"எதுக்கு சார்?"

"ரிசல்ட்ல இதுல ஏதாவது இருக்குன்னு வந்தா, எங்கயோ தப்பு நடந்திருக்குன்னு அர்த்தம். அழுக்குக் கலந்திருக்கலாம். இல்ல, யாராவது வேணும்னே கலந்திருக்கலாம்."

அக்காவின் முகம் மலர்ந்துபோனது. "அப்ப இது ஒரு பொறி!"

"அப்படியும் சொல்லலாம்."

அன்றிலிருந்து வெறுங்கல்லை வேறு யாரையும் தொடவிட மாட்டாள். பள்ளத்தாக்குக்கு அந்தப்பக்கம் இருந்த பளிங்குக் குவாரியிலிருந்து வந்த வெள்ளைக் கல் ஷெட்டின் பின்புறம் குவிந்து கிடந்தது. அதில் பார்த்துப் பார்த்துப் பொறுக்குவாள். அந்தக் குவியல் தீர்ந்ததும் அதே குவாரியிலிருந்து இன்னொரு லோடு வந்து இறங்கியது.

மலையோ கையை விரித்துக்கொண்டிருந்தது. துளைக்குத் துளை கல்லில் நூல் மாதிரி மஞ்சள் கோடு ஓடும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இப்படியே போனால் கம்பெனி மூட்டை கட்டிவிடும் என்று ரிக் ஆட்கள் டீ குடிக்கும்போது பேசிக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில் ஒரு காலையில் கல்லு சார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து ஷெட் நடுவில் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"வெறுங்கல்லுல துத்தநாகம் வந்திருக்கு," என்றார். "கொஞ்சம் செம்பும்."

ரம்பம் நின்றது. அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த தொகுதியிலும் அதே கதை. தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க ஒரு மேடம் வந்து இறங்கினார். குட்டையான உருவம், நரைத்த தலை. குரலை உயர்த்தாமலே பேசுவார். வந்த அன்றைக்கே ரிக் குழாய்களுக்குப் போடுகிற கிரீஸைச் சுரண்டி எடுத்தார், சல்லடைகளைத் திருப்பிப் பார்த்தார், ரம்பத்தின் தண்ணீர்த் தொட்டியில் தேங்கிய சேற்றைக்கூட ஒரு குப்பியில் அடைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொருவரையாகத் தனியே கூப்பிட்டார்.

"கலந்தா யாருக்கு லாபம்னு நினைக்கிறீங்க?" என்று அக்காவைக் கேட்டார்.

"எல்லாருக்கும்தான் மேடம். மலையில சரக்கு இருக்குன்னா வேலை நீடிக்கும். இல்லன்னா நாளைக்கே ஷெட்டுக்குப் பூட்டு."

"நல்லா யோசிக்கிறீங்க. வெறுங்கல்லே கெட்டுப்போச்சுன்னா, இதுவரைக்கும் நாங்க அனுப்பின எதையும் யாரும் நம்ப மாட்டாங்க. புரியுதா?" மேடம் பேனாவை மூடினார். "செம்பும் துத்தநாகமும் சேர்ந்தா என்ன வரும்னு தெரியுமில்ல?"

"தெரியாது மேடம்."

"பித்தளை. இங்க பித்தளைச் சாமான் எதையாவது அறுக்கிறது, ராவுறதுன்னு யாராவது செய்றாங்களா?"

பெரும்பாலான சாவி பித்தளை. தம்பி சாயங்காலம் முழுக்க அதைத்தான் ராவிக்கொண்டிருக்கிறான். அவனுடைய நகக்கண்ணில் மஞ்சள் தூள் போவதே இல்லை. சட்டைப் பையைத் துவைத்தால் தண்ணீர் மினுங்கும். பைகளைக் கட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே அவனுடைய ரம்பம்; ஒரு சிட்டிகை விழுந்தால் போதாதா?

"எனக்குத் தெரிஞ்சு இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து தம்பியைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கத் தொடங்கினாள்.

கவனிக்க ஆரம்பித்த பிறகு எல்லாமே வேறு மாதிரித் தெரிந்தது. தம்பிக்கு போன் வந்தால் எழுந்து வெளியே போய்ப் பேசுகிறான். பேசி முடித்ததும் போனைக் கவிழ்த்து வைக்கிறான். அவனும் மனைவியும் சமையலறையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். அக்கா உள்ளே நுழைந்ததும் உப்பு எங்கே, சர்க்கரை எங்கே என்று பேச்சு மாறும். அவன் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்து ரம்ப மேசையில் ஈர விரலை ஒற்றி எடுத்தாள். விரலில் மஞ்சளாக இரண்டு மூன்று பொடித் துணுக்குகள் பளபளத்தன. காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டாள்.

இன்னொரு சாயங்காலம் பஸ் நிலையத்துக்கு எதிரே, மருந்துக் கடை வாசலில் நின்று சாவிக்கடையைப் பார்த்தாள். ஒரு வெள்ளைக் கார் வந்து ஓரமாக நின்றது. இறங்கியவன் நல்ல உடுப்பு உடுத்தியிருந்தான். சாவி எதுவும் கொடுக்கவில்லை, எதுவும் வாங்கவும் இல்லை. தம்பியின் காதருகே குனிந்து பேசினான். தம்பி நாலா பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்து அவனிடம் நீட்டினான். பழுப்பு நூலைப் பார்த்த நாளில் வந்த அதே உறுத்தல் அக்காவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்த தம்பியைச் சாப்பிட விடாமலே கேட்டாள். "இன்னிக்குக் கடைக்கு யாரு வந்தா?"

"நாலஞ்சு பேர் வந்தாங்க. ஏன்?"

"கார்ல யாரு வந்தா?"

தம்பி தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பூட்டு மாட்டிக்கிட்டுச்சாம். கேக்க வந்தார்."

பதில் தயாராக இருந்தது. அக்காவுக்கு அது போதும். பக்கத்தில் பரிமாறிக்கொண்டிருந்த தம்பி மனைவியின் கை ஒரு நொடி நின்று பிறகு நகர்ந்ததையும் அவள் பார்த்துவிட்டாள்.

மறுநாள் காலையில் காகித மடிப்பைக் கொண்டுபோய் மேடத்தின் மேசைமேல் வைத்தாள். சாவிக்கடையைச் சொன்னாள், காரைச் சொன்னாள், கவரைச் சொன்னாள். சொல்லிமுடிக்கும்வரை மேடம் இடைமறிக்கவில்லை.

"அவர் உங்க கூடப் பொறந்த தம்பிதானே?"

"ஆமா மேடம். நான்தான் வளர்த்தேன்."

"தெரிஞ்சும் சொல்றீங்க?"

"நான் சேத்துவிட்ட ஆளு மேடம். அவன் பண்ற தப்புக்கு நான்தான் பொறுப்பு."

விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று தம்பியை அனுப்பிவிட்டார்கள். சத்தம் போடுவான் என்று எல்லோரும் நினைத்தார்கள். போடவில்லை. ரம்பத்தைத் துடைத்து உறை போட்டான், கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டினான், அக்கா நின்ற இடத்துக்கு வந்தான்.

"என்னைக் கேட்டிருக்கலாமேக்கா."

"கேட்டேனே. பொய் சொன்னே."

அவன் நடந்து போவதைப் பார்த்தபோது தான் நினைத்தது சரிதான் என்று அக்கா தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள். வீட்டில் அன்றைக்கே அடுப்பு இரண்டானது. தம்பி மனைவி ஒரு சின்ன மண்ணெண்ணெய் அடுப்பை வாங்கி வந்து தங்கள் அறைக்குள் வைத்துக்கொண்டாள். "அண்ணி" என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள். ஏதாவது சொல்லவேண்டியிருந்தால் சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அடுத்த ரிசல்ட் வந்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்பது அவள் கணக்கு. மேடம் காகித மடிப்பை லென்ஸில் பார்த்துவிட்டு, "இது பித்தளை இல்ல, நம்ம கல்லுல இருக்கிற செம்புத் தாதுவே இப்படித்தான் மினுங்கும்" என்று ஒரு நாள் சொன்னபோதுகூட அவள் அசரவில்லை. கார்? கவர்? அதற்கெல்லாம் என்ன பதில்?

ரிசல்ட் வந்தது. தம்பி ஷெட் பக்கமே வராத நாட்களில், வேறு ஒருவர் ரம்பம் ஓட்ட, அக்காவே கட்டி அனுப்பிய வெறுங்கல். அதில் முன்பைவிடத் துத்தநாகம் கூடுதல்.

இப்போது அத்தனை பார்வையும் அவள் பக்கம் திரும்பியது. வெறுங்கல்லைத் தொடுகிற ஒரே கை அவளுடையதுதானே. வெறுங்கல்லை நான் மட்டும்தான் தொடுவேன் என்று சட்டம் பேசியதும் அவளே. தம்பியை மாட்டிவிட்டது தான் தப்பிக்கத்தான் என்று ரிக் ஆட்கள் அவள் காதுபடவே பேசினார்கள். அன்று சாயங்காலம் ஷெட் வாசலில் புதிதாகப் போட்டிருந்த காவலாளி, "பையைக் காட்டிட்டுப் போங்க" என்றான். எத்தனையோ பேரிடம் அவள் சொன்ன வார்த்தைதான். காதில் விழுந்தபோது காது சுட்டது. அவன் டிபன் டப்பாவைத் திறந்தான், தண்ணீர் பாட்டிலைக் குலுக்கினான், சீப்பைக்கூட விடாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வரிசையில் பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தவில்லை. நிதானமாக வேடிக்கை பார்த்தார்கள்.

வீட்டில் பேச ஆளில்லை. தம்பியின் அறைக்கதவு சாத்தியிருந்தது. அக்கா சோறு வடித்தாள், சாப்பிடப் பிடிக்காமல் மூடிவைத்தாள். நானேதான் ஏதாவது செய்துவிட்டேனா என்று கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். மோதிரம்? வெள்ளி. வளையல்? கண்ணாடி. தன்மேலேயே சந்தேகப்படுகிற நிலைமைக்கு வந்துவிட்டது.

மறுநாள் மேடம் அவளை அழைத்தார். "வழக்கமா எப்படிச் செய்வீங்களோ அப்படியே செஞ்சு காட்டுங்க. நான் சும்மா நின்னு பாக்கிறேன்."

அக்கா செய்தாள். பின்புறக் குவியலுக்குப் போனாள், கல்லைப் பொறுக்கினாள், தண்ணீரில் அலசினாள், புதுப் பையைப் பிரித்துக் காட்டிப் போட்டாள். கல் ஒன்று கை நழுவி மேடத்தின் காலடியில் விழுந்தது. மேடம் அதைக் குனிந்து எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார். பிறகு குவியலைப் பார்த்தார்.

"இந்த லோடு எப்ப வந்தது?"

"முதல் லோடு தீர்ந்ததும் வந்தது மேடம்."

"அதுக்கப்புறம்தானே ரிசல்ட் கெட ஆரம்பிச்சது?" மேடம் கல்லு சார் பக்கம் திரும்பினார். "இந்தக் கல்லை லேபுக்கு அனுப்பிச் சுத்தமா இருக்கான்னு பாத்தீங்களா?"

கல்லு சார் உதட்டை நனைத்துக்கொண்டார். "முதல் லோடைப் பாத்தேன் மேடம். இது அதே குவாரிதானேன்னு..."

மேடம் தன் பெட்டியிலிருந்து ஒரு சின்ன ஸ்பிரே புட்டியை எடுத்துவந்தார். துத்தநாகம் இருந்தால் நிறம் மாறுகிற மருந்து அது என்றும், மலையில் கிடைக்கிற கல்லில்தான் அடித்துப் பார்ப்பார்கள், வெறுங்கல்லில் அடிக்க யாருக்கும் தோன்றாது என்றும் கல்லு சார் பின்னால் சொன்னார். மேடம் குவியலின்மேல் அங்கங்கே அடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு கல்லின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு தோன்றியது. பக்கத்துக் கல்லில் கீற்றாக ஓடியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குவியலின் பாதிக்குமேல் வெற்றிலை போட்டுத் துப்பியதுபோலச் சிவந்துவிட்டது.

கல்லு சார் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"குவாரிக்காரங்க ஆழமா வெட்ட ஆரம்பிச்சிருக்காங்க," என்றார் மேடம். "புது லோடு அடியிலேர்ந்து வந்திருக்கு. வெள்ளைக் கல்லுக்குள்ள வெள்ளையாவே துத்தநாகம் உக்காந்திருக்கு, கூடவே துளி செம்பும். கண்ணுக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப மலை?" என்று கேட்டாள் அக்கா. கேட்க வேண்டியது அதுவல்ல என்று தெரிந்தும் வாயில் அதுதான் வந்தது.

"ஓடை மணல் மலையிலேர்ந்து வந்ததுன்னு நினைச்சோம். குவாரிப் பக்கத்து ஓடையும் அங்கதான் வந்து கலக்குது." உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார் கல்லு சார். "தப்பான இடத்துல துளை போட்டுக்கிட்டு, சரியான இடத்துக் கல்லை வெறுங்கல்லுன்னு அனுப்பிக்கிட்டு இருந்திருக்கேன்."

அவரைத் தேற்ற அக்கா நிற்கவில்லை. அனுமதி கேட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். சாவிக்கடையில் தம்பி ஒரு பூட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

"கல்லுலயே இருந்திருக்கு," என்றாள். "நீ ஒண்ணும் பண்ணல. யாரும் ஒண்ணும் பண்ணல. நான்தான்..."

தம்பி ஸ்பிரிங்கை விரல் நுனியில் பிடித்து ஊதினான். "சரி."

"மனசுல வச்சுக்காதடா."

"சரின்னுதானே சொன்னேன்."

போயிருக்கலாம். ஆனால் உறுத்தல் விடவில்லை. "அந்தக் கார்க்காரன் யாரு?"

தம்பி பூட்டைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். "நீ மன்னிப்புக் கேக்க வந்தியா, விசாரிக்க வந்தியா?"

"ரெண்டுக்கும்தான்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. "அவர் கடை வாடகைக்கு விடுறவர். ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம். முன்னாடி கடை, பின்னாடி ரெண்டு ரூம். அன்னிக்கு அட்வான்ஸ் குடுத்தேன்."

"ரெண்டு ரூம் எதுக்கு?"

கேட்ட பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

"அவளால முடியலக்கா," என்றான் தம்பி. குரலில் கோபம் இல்லை. "கடைக்குப் போயிட்டுக் கொஞ்சம் லேட்டா வந்தா வாசல்ல நிக்கிற. அவ அம்மாகிட்ட போன்ல பேசினா பக்கத்துல வந்து துணி மடிக்கிற. குப்பைத் தொட்டியக்கூடக் கிளறிப் பாக்கிற. கெட்ட எண்ணம் இல்லன்னு எனக்குத் தெரியும். அவளுக்கு அதைச் சொல்லிப் புரிய வைக்க முடியல."

"என்கிட்ட சொல்லியிருந்தா நான் என்ன தூக்குலயா தொங்கப்போறேன்?"

"மாட்டே. அழவும் மாட்டே. பேசாம எங்க பெட்டியைத் தட்டிப் பாத்து, எது எது போகுதுன்னு தெரிஞ்சுப்பே. அதைப் பாக்கத்தான் எனக்கு பயம்."

ஒருவர் சாவியை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். தம்பி அதை வாங்கி இயந்திரத்தில் பொருத்தினான். அது கிறீச்சிட்டு ஓடியது. மஞ்சள் தூள் பறந்தது. அக்கா முந்தின நாள்வரை அந்தத் தூளைப் பார்த்த பார்வையை நினைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். அவனிடம் ஒரு ரகசியம் இருந்தது என்பதை அவள் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தாள். அது அவளுக்கு எந்த ஆறுதலும் தரவில்லை.

கம்பெனி தம்பியைக் கூப்பிட்டு வருத்தம் தெரிவித்தது. மேடம் நேரிலேயே வந்து, வேலைக்குத் திரும்பச் சொன்னார். "இருக்கட்டும் மேடம், எனக்குக் கடை இருக்கு" என்று சொல்லிவிட்டான். ரிக்கை மலையிலிருந்து இறக்கிக் குவாரிப் பக்கம் கொண்டுபோனார்கள். கல்லு சார் இரவு பகலாக அங்கேயே கிடந்தார். குவாரிக்கும் கீழே இன்னும் ஆழத்திலிருந்து வந்த முதல் கோரைத் தூக்கும்போதே கனத்தில் வித்தியாசம் தெரிந்தது. வெள்ளைப் பளிங்கைத் தின்றுவிட்டு அந்த இடத்தில் தேன் நிறத்திலும் மஞ்சளிலும் தாது அடை அடையாக உட்கார்ந்திருந்தது. வெந்நீர் மாதிரி ஏதோ ஒன்று பூமிக்குள் விரிசல் வழியாக ஏறிவந்து சுண்ணாம்புக் கல்லைக் கரைத்து உலோகத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறது, அது நடந்து கோடிக்கணக்கான வருடம் ஆயிற்று என்று கல்லு சார் சொன்னார். அக்கா கல்லைத் தடவிப் பார்த்தாள். போன் எடுத்துத் தம்பிக்குச் சொல்லலாமா என்று நினைத்தாள். எடுத்த போனைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

விஷயம் வெளியே பரவியதும் ஊருக்குள் வேறு பேச்சு கிளம்பியது. கம்பெனிக்கு முதலிலேயே எல்லாம் தெரியும். குவாரி நிலத்தை மலிவாக அமுக்கத்தான் மலையில் துளை போட்டு நாடகம் ஆடினார்கள். கல்லு சார் பலே கெட்டிக்காரர். குவாரி முதலாளி வேலி போட்டு, கேட்டில் இரண்டு ஆளையும் நிறுத்திவிட்டார். டீக்கடையில் இதையே மென்றுகொண்டிருந்தவர்களிடம் அக்கா ஒரு நாள் வலியப் போய்ச் சொன்னாள்: "கல்லு சாருக்கு ஒண்ணும் தெரியாது. கல்லு சிவந்தப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். அந்த மூஞ்சிய நடிச்சுக் காட்ட முடியாது."

"ஸ்கேனர் அக்காவே யாரையோ நம்புறாங்கப்பா!" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. கம்பெனி அவளுக்கும் ஏதோ கொடுத்திருக்கிறது என்று அடுத்த நாள் புதிதாக ஒன்று கிளம்பியது.

தம்பி வீடு மாறிப்போன அன்று அக்கா ஷெட்டுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தாள். பாத்திரம், பாய், துணி மூட்டை என்று தம்பி மனைவி ஒவ்வொன்றாக வாசலுக்கு எடுத்துப் போனாள். அக்கா சமையலறையிலேயே நின்றுகொண்டாள், கையில் வேலை இல்லாமலே. எதையும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். கண் தன்னால் கதவுப் பக்கம் போகும். இழுத்துவந்து அடுப்பின்மேல் வைப்பாள்.

கடைசியாக மர அலமாரி. அவர்களுடைய கல்யாணத்துக்கு அக்கா வாங்கிக்கொடுத்தது. உள்ளே வைத்தபோது கழற்றித்தான் கொண்டுபோனார்கள் என்பதை எல்லோருமே மறந்துபோயிருந்தார்கள். தம்பி ஒரு பக்கமும் வண்டிக்காரர் மறுபக்கமும் பிடித்துத் தள்ளியதில் அது வாசல் நிலையில் குறுக்காக மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. தம்பி வெளியே இருந்தான், அவன் மனைவி உள்ளே. வண்டிக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஒரு பீடி பிடித்துவிட்டு வருகிறேன் என்று தெருவுக்குப் போய்விட்டார்.

பிறகு தம்பி மனைவியின் குரல் கேட்டது. "அண்ணி, இங்க வந்து கொஞ்சம் பாருங்களேன்."

அக்கா போய்ப் பார்த்தாள். குனிந்து அடியைப் பார்த்தாள், மேலே நிலையைப் பார்த்தாள், பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"இது போகாது. வாசக் கதவைக் கழட்டினாத்தான் இடம் கிடைக்கும்," என்றாள். "டேய், ஸ்குரூ டிரைவர் வச்சிருக்கியா?"

"சாவிக்காரன்கிட்ட கேக்குற கேள்வியா இது?" அலமாரிக்கும் நிலைக்கும் நடுவில் இருந்த சந்து வழியாகத் தம்பியின் கை உள்ளே வந்தது. அக்கா ஸ்குரூ டிரைவரை வாங்கிக்கொண்டு ஸ்டூல்மேல் ஏறினாள். தம்பி மனைவி ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மேல் கீல் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது.

"அழுத்திப் பிடிம்மா, ஆடுது" என்றாள் அக்கா.

"பிடிச்சுட்டுத்தான் இருக்கேன் அண்ணி. நீங்க திருப்புங்க."